ஆக்‌ஷனுக்கும் கட்டுக்கும் இடையே

எங்கள் ஊடகத் துறையில் ஒரே ஒரு ஹெட்போன் இருந்தது. அது எப்போதும் துறைத் தலைவரின் கழுத்தில் கிடந்தது. அது காதில் இருந்ததை யாரும் பார்த்ததில்லை. அதன் வயர் எந்தக் கருவியிலும் செருகப்படாமல் அவருடைய சட்டைப் பைக்குள் போய் முடியும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொள்வது போல என்று சொல்லலாம். ஆனால் டாக்டர் எப்போதாவது அதை யாருடைய நெஞ்சிலாவது வைப்பார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கட்டம். எதைப் பார்த்தாலும் இரு கை விரல்களையும் சேர்த்து ஒரு கட்டம் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகத்தான் பார்ப்பார். ஒருமுறை தீயணைப்புப் பயிற்சிக்காக மணி அடித்து எல்லோரும் படியிறங்கி ஓடியபோது, அவர் மட்டும் படிக்கட்டின் நடுவில் நின்று எங்கள் ஓட்டத்தைக் கட்டம் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை இடித்துக்கொண்டு இறங்கினோம். அந்தக் காலத்தில் ஏதோ ஒரு படத்தில் ஏழாவது உதவி இயக்குநராக இருந்தவராம். படம் வெளிவரவில்லை. "அது மட்டும் வந்திருந்தா..." என்று அவர் ஆரம்பிக்கும் வாக்கியத்தின் மறுமுனையை எந்த மாணவரும் கேட்டதில்லை, அதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

நான் அவரை நம்பினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் அழகாக எழுதி வைத்துக்கொண்டவள் நான்தான். போனில் எடுப்பது வீடியோ, கேமராவில் எடுப்பதுதான் சினிமா. கேமராவின் முன்பக்கம் எரியும் சிவப்பு விளக்கைக் கறுப்பு டேப் ஒட்டி மறை, விளக்கைப் பார்த்தால் மனிதர்கள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எடுத்ததை அங்கேயே போட்டுப் பார்க்காதே. "எடுத்த உடனே பார்க்கிறவன் கலைஞன் இல்லை, செக்யூரிட்டி" என்பார். "எங்க காலத்துல ஃபிலிம் லேப்புக்குப் போயி வர்றதுக்கு மூணு வாரம். அந்த மூணு வாரம் நம்பிக்கையில வாழ்ந்தோம்." இதை எழுதிவிட்டு அடிக்கோடும் போட்டிருக்கிறேன். நோட்டு இன்னும் இருக்கிறது.

மூன்றாம் பருவத்துக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரு மனிதர், ஒரு வேலை, ஐந்து நிமிடம். ஆவணப்படம்.

நான் அப்பாவைத் தேர்ந்தெடுத்தேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடம் பல மாடிக் கட்டிடங்களின் நடுவில் இருக்கும் அந்த இருட்டுக் குழாய்க்குள்தான் அவர் வேலை. இவர் மேலே இருப்பார், கூட்டாளி அடிக் குழியில் இருப்பார். நடுவில் பன்னிரண்டு மாடி. "ஏத்து! நிறுத்து! ஒரு விரக்கடை கீழ விடு!" எல்லாம் தொண்டையால்தான். அதனால் வீட்டிலும் அவர் பன்னிரண்டாவது மாடியில் நின்றுதான் தண்ணீர் கேட்பார். பக்கத்து வீட்டம்மா, "உங்க வீட்டுல தண்ணி கேட்டா எங்க வீட்டுல எழுந்திருக்கிறாங்க" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் குரல் ஆறு மாதத்தில் கரகரத்து, தேய்ந்து, ஒரு நாள் டாக்டரின் மேஜையில் ஸ்கேன் படமாக வந்து நின்றது. குரல்வளை முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். "பேச்சு போகும். ஆளு இருப்பாரு. எது வேணும்?" கடையில் கேட்பது போலக் கேட்டார்.

வெளியே வந்ததும் அப்பா அம்மாவிடம், "இனிமே நீ ஆடினதுதான் ஆட்டம், போ" என்றார். அம்மா சிரிக்கவில்லை. ஆட்டோவில் வீடு வரும் வரை அவர் கையைப் பிடித்திருந்தாள். அவள் அப்படிப் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அறுவை சிகிச்சை வியாழக்கிழமை காலை. புதன் அன்றே சேர வேண்டும். செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் துறையின் கேமரா கிடைத்தது.

திங்கள் மாலை அம்மா என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "படம் நல்லா வருதோ இல்லையோ, அவர் குரலைப் புடிச்சு வைடி. எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

அது உண்மை. அப்பா வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஆள் இல்லை. அம்மாவின் போனில் மொத்தம் இரண்டு இருந்தன. ஒன்றில் "பால் இருக்கா?" என்பார். இன்னொன்றில் லிஃப்ட் ஓடும் சத்தம் மட்டும்.

"அப்புறம்..." அம்மா போர்வையை மடித்தாள், ஏற்கெனவே மடித்ததைத்தான். "என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்றாரான்னு கேளேன். இத்தன வருஷமா கயிறு அறுந்த கதை, கதவு மாட்டிக்கிட்ட கதைதான் கேட்டிருக்கேன்."

"அது என்னம்மா, நீயே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா கிண்டல் பண்ணுவாரு. உனக்குன்னா சொல்லுவாரு. படமாச்சே."

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் வீட்டைக் கைப்பற்றினேன்.

ஃபேனை நிறுத்தினேன். ஃப்ரிட்ஜை அணைத்தேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தேன். எல்லாருடைய போனையும் அணைக்கச் சொன்னேன். கடைசியில் அம்மா மிஞ்சினாள்.

"நீ கொஞ்சம் வெளிய இரும்மா."

"நான் இந்த மூலையில சும்மா உக்காந்திருக்கேன். கேட்டுக்கிட்டு."

"வளையல் சத்தம் வரும்."

"கழட்டி வச்சிடறேன்."

"மூச்சு சத்தம் கூட மைக்ல ஏறும்மா. உனக்குப் புரியாது."

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஒரு செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் விரித்து உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்தினேன். இடுக்கில் துணி வைத்து அடைத்தேன்.

"வீட்டுக்காரியவே வெளிய தள்ளிட்டியேடா" என்றார் அப்பா. குரல் தகரத்தில் மணல் உரசுவது போல இருந்தது. "நான் மேல போறேன்னு வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் பயப்படுவா. இப்ப நெஜமாவே மேல போனாலும் வாயைத் தொறந்து சொல்லிட்டுப் போக முடியாது, பாரு."

"அப்பா! பேசாத. சேமிச்சு வை. பத்து நிமிஷத்துக்கு மேல உன் குரல் தாங்காது. எல்லாத்தையும் டேக்ல சொல்லு. டேக் இல்லாதப்ப ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரியா?"

சொல்பேச்சுக் கேட்டு வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

துறையின் கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு மாணவர்களுக்கு அது ஒன்றுதான். யாரோ ஒரு சீனியர் கீழே போட்டதில் திரையின் மேல் மூலையில் மை கொட்டியது போல ஒரு கறை. கேமரா ஓடும்போது சிவப்புப் புள்ளி வருவதும் நொடிகள் ஓடுவதும் சரியாக அந்த மூலையில்தான். முன்பக்க விளக்கிலோ கட்டம் சொன்னபடி கறுப்பு டேப். ஹெட்போன் எங்கே இருந்தது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ஆகவே ஒலி ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு இருந்தது ஒரே வழி, திரையின் அடியில் குதிக்கும் இரண்டு பச்சைக் கோடுகள். சத்தம் ஏறினால் நீளும், அதிகமானால் சிவப்பாகும்.

முக்காலியில் கேமராவை மாட்டும்போது அது வழுக்கியது. இறுக்கிப் பிடித்தேன். என் கட்டைவிரல் எங்கே பட்டது என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

"ரோலிங்" என்றேன். வீட்டில் இருந்தது நாங்கள் இருவர்தான், இருந்தாலும் சொன்னேன். பொத்தானை அழுத்தினேன். "ஆக்‌ஷன்."

முதல் டேக்கில் அப்பா வேலையைப் பற்றிச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் தெருவில் ஒரு லாரி ஹாரன். நிறுத்தினேன். இரண்டாவது டேக்கில் வெயில் மேகத்துக்குள் போய்விட்டது. நிறுத்தினேன். ஒவ்வொரு இடைவெளியிலும் அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். தோளை இறக்கு. லென்ஸைப் பார்க்காதே. கையை ஆட்டாதே. ரொம்ப வேகமாகப் பேசுகிறாய். இன்னும் இயல்பாக இரு.

மூன்றாவது டேக்தான் டேக். "அம்மாவைப் பத்தி சொல்லுப்பா" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. பதினொரு நிமிடம்.

என் கண் பச்சைக் கோடுகளில் இருந்தது. குரல் சில இடங்களில் இறங்கிவிட, நான் ஒலியைக் கொஞ்சம் ஏற்றினேன். இருமல் வந்து கோடு சிவப்பைத் தொட, இறக்கினேன். வெயில் திரும்ப வந்தது, வெளிச்சத்தைக் குறைத்தேன். அவர் முன்னால் சாய்ந்தார், ஃபோகஸை இழுத்தேன். ஒரு இடத்தில் அவர் கண்ணில் நீர் நிறைந்து ஜன்னல் வெளிச்சம் அதில் ஒரு புள்ளியாக விழுந்தது. நல்ல ஷாட் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

முடித்தார். கட்டம் சொல்லியிருந்தபடி முடிந்த பிறகும் ஐந்து நொடி விட்டேன். "கட்!" அழுத்தினேன். அப்பாவுக்குக் குரல் முற்றிலும் போயிருந்தது. போதுமா என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டார்.

"சூப்பர்ப்பா. ஒரே டேக்ல முடிச்சிட்ட."

கேமராவை அணைத்துப் பையில் வைத்தேன். போட்டுப் பார்க்கவில்லை. நான் செக்யூரிட்டி இல்லையே.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். பத்தே முக்காலுக்கு, நீள வராந்தாவின் இரும்பு நாற்காலியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். அம்மாவுக்கு ஏதாவது காட்ட வேண்டும் போலிருந்தது.

நான்கு கோப்புகள். முதலாவதில் எங்கள் வீட்டுத் தரை சாய்ந்து நிமிர்ந்தது. பிறகு அப்பா நாற்காலியில். என் குரல்: "ரோலிங்." அத்தோடு முடிந்தது.

இரண்டாவது: அப்பா தண்ணீர் குடிக்கிறார். என் குரல்: "தோளை இறக்குப்பா. பேசாத, பேசாத, சேமிச்சு வை." "ரோலிங்." முடிந்தது.

மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் அப்பா புருவத்தைத் தூக்குகிறார். என் குரல்: "சூப்பர்ப்பா."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. கட்டைவிரல் பட்டபோதே கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. அதன்பின் நான் ஓட்டியதாக நினைத்தபோதெல்லாம் நின்றது, நிறுத்தியதாக நினைத்தபோதெல்லாம் ஓடியது. எங்கள் துறையில் இதற்குப் பெயரே உண்டு, தலைகீழ் ரோலிங். முதல் வருடப் பிள்ளைகள் செய்வது. கேண்டீனில் சொல்லிச் சிரிப்போம்.

"அவர் ஏன்டி பேசவே மாட்டேங்கிறாரு?" என்றாள் அம்மா.

சொன்னேன். அவளுக்குப் புரியும்படி இரண்டு தடவை சொன்னேன். அம்மா, ஆபரேஷன் தியேட்டரின் மூடிய இரட்டைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமே இல்லியா?"

இரண்டாவது கோப்பில் ஒரு இருமல் இருந்தது. போட்டுக் காட்டினேன்.

"திருப்பிப் போடு" என்றாள். போட்டேன். "இன்னொரு தடவ." எதிர் நாற்காலியில் இருந்தவர், "யாருக்கும்மா இருமல்?" என்று விசாரித்தார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "சரி, விடு. மெஷின்தானே. நீ பக்கத்துலயே இருந்தியே. அவர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்ல? என்ன சொன்னாரு?"

வாயைத் திறந்தேன். பதினொரு நிமிடத்தை மனதில் ஓட்டிப் பார்த்தேன். பச்சைக் கோடு நீண்டது, குறுகியது, சிவப்பைத் தொட்டது. ஜன்னல் வெளிச்சம் கூடியது, குறைந்தது. கண்ணில் ஒரு புள்ளி. உதடு அசைந்தது. அதிலிருந்து வந்தது எதுவும் என்னிடம் இல்லை.

"அவர் வெளிய வரட்டும்மா. நிதானமா சொல்றேன்."

கேமரா பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அழிஞ்சதுன்னா எடுத்துக் குடுப்பேன். எழுதவே இல்லாததை எங்கம்மா போயி எடுக்கிறது?" என்றார். நல்ல மனிதர். டீ வேண்டுமா என்று கேட்டார்.

பயிற்சியை ஒப்படைக்கும் நாள் வந்தது. படம் இல்லை என்று சொல்வதற்காகத்தான் கட்டத்தின் அறைக்குப் போனேன். "இருக்கிறதைக் காட்டு" என்றார். காட்டினேன். அப்பா தண்ணீர் குடித்தார், வாயை மூடிக்கொண்டிருந்தார், நான் அதிகாரம் செய்தேன்.

கட்டம் எழுந்து நின்றுவிட்டார். லேப்டாப்பையே கட்டம் கட்டிப் பார்த்தார்.

"யார் சொல்லிக் குடுத்தா இத?"

"யாரும் இல்ல சார். தப்பா எடுத்துட்டேன். பேசினது ஒண்ணும் பதிவாகல."

"தப்பா? ஒரு தகப்பன் பேசறதுக்கு முன்னாடி இருக்கிற மௌனம், பேசினதுக்கு அப்புறம் இருக்கிற மௌனம். நடுவுல பேச்சைத் தூக்கி எறிஞ்சிருக்க. உன் குரல்தான் அதிகாரம். அவர் மௌனம்தான் எதிர்ப்பு!"

"இல்ல சார், அவருக்குத் தொண்டையில கேன்சர். நான்தான் பேசாதேன்னு சொன்னேன்."

"அதைப் படத்துல சொல்லாத" என்றார் அவசரமாக. "சொன்னா சின்னதாயிடும். பேசின பகுதியில என்னதான் சொன்னாரு?"

"தெரியாது சார். நான் கவனிக்கல. லெவல் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அற்புதம். அந்தத் தெரியாமையைக் காப்பாத்து."

வகுப்பில் திரையிட்டார். விளக்கை அணைத்து நாற்பது பேர் பார்த்தார்கள். என் குரல் பெரிய ஸ்பீக்கரில் "பேசாதப்பா" என்றது. முடிந்ததும் கைதட்டினார்கள். பின் வரிசையில் ஒருத்தி அழுததாகச் சொன்னார்கள். துறையிலேயே அதிக மதிப்பெண். பாராட்டும் விதமாகக் கட்டம் தன் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி என் கழுத்தில் ஒரு நிமிடம் மாட்டிவிட்டார். போட்டோவும் எடுத்தார்கள். நான் வயரின் முனையைப் பார்த்தேன். துருப் பிடித்திருந்தது.

பதினேழாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். கழுத்தில் நடுவில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி. மூச்சு அதன் வழியாகத்தான். மடியில் ஒரு நோட்டும் பேனாவும். மூன்று நாளாக அதில் "தண்ணி", "ஃபேன்", "டிவி சத்தம் கம்மி பண்ணு" என்று எழுதிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் மாலை அம்மா துணி உலர்த்தப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார்.

"படம் எப்படி வந்திருக்கு?"

பொய் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கட்டைவிரல், கறை, நான்கு கோப்புகள். மதிப்பெண்ணையும் சொன்னேன், அது எதற்கென்று தெரியவில்லை. அவர் குறுக்கிடவில்லை. குறுக்கிட அவரிடம் ஒன்றும் இல்லை.

எழுதினார்: "பரவாயில்ல. நீ கேட்டியே, அது போதும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கேக்கலப்பா. நான் மீட்டரைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

பேனா நோட்டின் மேல் வெகுநேரம் அசையாமல் நின்றது. பிறகு ஒரு வரி எழுதினார். அடித்தார். இன்னொரு வரி. அதையும் அடித்தார். "எழுத வரல" என்று எழுதினார். அப்புறம் நோட்டை மூடிவிட்டு, என் முகவாயைப் பிடித்துத் தூக்கி, தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

சத்தம் இல்லை. உதடு சேர்ந்து பிரியும் சின்னச் சின்ன ஓசை மட்டும், அவ்வப்போது துணிக்கு அடியில் மூச்சு சீறியது. நான் கண் இமைக்காமல் பார்த்தேன். "அம்மா" என்பது தெரிந்தது, இரண்டு மூன்று தடவை. ஒரு இடத்தில் அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல். ஒரு இடத்தில் கையால் இவ்வளவு உயரம் என்று காட்டினார். அது நானா, வேறு ஏதாவதா? ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்து, மறுபடி தொடர்ந்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

முடித்துவிட்டுப் புரிந்ததா என்பது போல என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன்.

நோட்டைத் திறந்து எழுதினார்: "பொய்."

காலி வாளியோடு அம்மா வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. உள்ளே வரலாமா, சத்தம் வருமா என்று தயங்குகிறவள் போல நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொல்றாரு?"

"உன்னைப் பத்திதாம்மா."

அவள் முகம் மலர்ந்தது. வாளியை வைத்துவிட்டு வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, என் பக்கம் திரும்பினாள்.

"என்னைப் பத்தி என்ன?"

அப்பாவும் என்னைப் பார்த்தார்.

"சொல்லேன்டி" என்றாள் அம்மா.